வேடிக்கை மட்டும் போதுமா?

லங்காவித் தீவிலே 1991-ம் வருஷம் தொடங்கி, பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை, கடல் வான்வழிக் கண்காட்சியொன்று நடந்துவருவதை நேயர்கள் அறிவார்கள். போர்க்கப்பல், போர் விமானம், ஏவுகணை, துணைக்கோள் ஆகிய யாவற்றுக்கும் அங்கே இடமுண்டு. அதன் பதினேழாவது காட்சி 2025-ம் வருஷம் மே மாதம் 20 முதல் 24 வரை நடைபெற்றது. பொதுஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட நாளொன்றில், நாமும், எமது தோட்டத்துப் பிள்ளைகள் பன்னிருவரும், பெரியவர்கள் சிலரும் விடியுமுன் பஸ் ஏறிக் கோலக் கெடா சென்று, அங்கிருந்து படகில் போய்வந்தோம். பிரயாணக் கதை கூறுவது எமது நோக்கமன்று. அன்று எமது காதில் விழுந்த ஒரு பேச்சைப்பற்றியே எழுதத் துணிந்தோம்.

ஆகாயப் படையின் சுக்கோய் விமானம் ஒன்று செங்குத்தாக மேலே ஏறிற்று. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கூவினர். அப்போது எம்முடன் வந்த பெரியவர் ஒருவர், கோயில் காரியங்களில் முன்னிற்பவர், சுற்றி நின்றோரைப் பார்த்து, "இதென்ன அதிசயம்! புஷ்பக விமானம் நம்மவர் ஓட்டியதுதானே? ஆக்கினேயாஸ்திரம் நம்மவர் விட்டதுதானே? நம் ஏட்டைக் கொண்டுபோய்த்தான் வெள்ளைக்காரன் இதையெல்லாம் செய்தான்" என்றார். பலர் தலையசைத்தனர். ஆறாம் வகுப்பில் படிக்கும் சிறுமியொருத்தி மட்டும், "தாத்தா, அந்த விமானத்துக்கு எந்த எண்ணெய் ஊற்றினார்கள்?" என்று கேட்டாள். "பெரியவர்களிடம் வாயாடாதே!" என்று அதட்டு விழுந்தது. சிறுமி அடங்கிப்போனாள். ஆங்கிலப் பள்ளியிற் படித்து, தோட்டத்து ஆபீஸிலே கணக்கெழுதிப் பிழைக்கும் நாமும் வாய் திறவாது நின்றோம். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஏட்டில் இருந்ததாம்! எந்த ஏட்டில்? விமானம் செய்யும் முறை கூறுவதாகப் பலர் எடுத்துக்காட்டும் 'வைமானிக சாஸ்திரம்' என்னும் நூலை, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து ஆராய்ச்சியாளர் சிலர் 1974-ம் வருஷம் பரிசீலித்தனர். அது 1904-க்கு முந்தியதன்று என்றும், அதிற் சொல்லிய பொறிகள் பறக்கத் தக்கவையல்ல என்றும் முடிவு கூறினர். கவிஞர் கற்பனையிலே பறக்கவிட்டதைக் கற்பனையென்று சுவைப்போரோடு எமக்கு வழக்கில்லை. அதனைச் சரித்திரமென்று பிள்ளைகளுக்கு ஊட்டுவோரோடுதான் எமது வழக்கு.

மெய்யான பெருமை வேண்டுமெனில், அது காஞ்சிபுரத்துக்கு அருகிலேயே கிடக்கிறது. 1780-ம் வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி பொள்ளிலூரிலே ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை முறியடித்தனர். மைசூர்ச் சேனையின் ராக்கெட் வாணங்கள் அங்கே பறந்தன. கம்பெனியாரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அவ்வாணத்தில் மந்திரம் ஏதுமில்லை. இரும்புக் குழாயிலே மருந்தைக் கெட்டித்தமையால், அது காகிதக் குழாயினும் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கிற்று. ஆகவே நெடுந்தூரம் பாய்ந்தது. 1799-ல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவ்வாணங்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டன. ஆங்கே வில்லியம் காங்கிரீவ் என்பார் அவற்றை அளந்து, சோதித்து, திருத்தினார். ஏட்டைத் திருடவில்லை, ஐயா! இரும்பைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அவ்விரும்பை அடித்த தென்னாட்டுக் கொல்லனை மறந்துவிட்டு, இல்லாத விமானத்தைக் கொண்டாடுவது எவ்வகை மானம்? பொள்ளிலூரில் கம்பெனிக்காக மாண்டவர்களிலும் தென்னாட்டுச் சிப்பாய்கள் பலர் என்பதையாவது அப்பெரியவர் அறிவாரா?

இனி, கணக்கெழுதுவோன் என்ற முறையில் இன்னொன்று சொல்வோம். விண்வெளியும் போர்க்கருவியும் ஒரே கண்காட்சியில் இருப்பது தற்செயலன்று. 2000-ம் வருஷம் நமது தியோங்சாட் துணைக்கோளை ஏற்றிச்சென்ற தினேப்பர் ராக்கெட், அணுகுண்டு சுமப்பதற்காக சோவியத் நாட்டார் செய்த ஏவுகணையின் திருத்திய வடிவமே. 2007-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி முதல் மலேசியர் விண்வெளிக்குச் சென்றது, பதினெட்டுச் சுக்கோய் போர் விமானங்களை ருஷ்யாவிடம் வாங்கிய ஒப்பந்தத்தின் பயனாகவே. இராமேசுவரத்துத் தமிழர் அப்துல் கலாம் தலைமையிலே 1980-ல் துணைக்கோளை ஏற்றிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதற்கட்டமே, 1989-ல் சோதித்த அக்னி ஏவுகணைக்கும் முதற்கட்டமாயிற்று. பேரேட்டில் வரவை மட்டும் பார்த்துப் பற்றைப் பாராத கிராணியை எந்த நிர்வாகியும் ஒரு மாதம் வைத்திருக்கமாட்டார். பல கோடி வெள்ளிச் செலவையும் மனித உயிரையும் பற்றிய இக்கணக்கிலே, நம் மக்கள் இரண்டு பக்கத்தையுமே பாராமல் கைதட்டிவிட்டு வருகின்றனர்!

"அப்படியாயின் பிள்ளைகளை ஏன் அங்கே அழைத்துப்போனீர்?" என்று சிலர் கேட்கலாம். போனது பிழையன்று. ஒன்றும் கற்பியாமல் அழைத்துப்போனதும், கேட்ட பிள்ளையை அடக்கவிட்டதுமே பிழை. கலாம் பொறியியற் கல்லூரியிற் சேர்வதற்கு அவருடைய தமக்கையார் தம் பொன் வளையல்களை அடகு வைத்தார். நம் தோட்டங்களிலோ திருவிழா வாணத்துக்கு வீடுவீடாகப் பணம் திரட்டுகிறோம். பள்ளிக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்க எவரும் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை.

மறுநாள் மாலை அச்சிறுமியையும் அவள் தாயாரையும் அழைத்து, கேட்ட கேள்விக்கு விடை சொன்னோம். மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எண்ணெயைக் காற்றோடு எரித்து விமானம் பறக்கிறது. ராக்கெட்டோ காற்றில்லா வெளிக்குப் போவதால், எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவையும் தானே சுமந்து செல்கிறது என்றோம். அவள் சற்று நேரம் யோசித்துவிட்டு, "கிராணி ஐயா, அவர்கள் காட்டிய குண்டெல்லாம் யார்மேல் போடுவதற்கு?" என்று கேட்டாள்.

இக்கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைகளே நமக்கு வேண்டும். அடுத்த காட்சிக்கு முன்னர், தோட்டந்தோறும் மாதம் ஒரு மாலையேனும் படித்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிவைத்து விஞ்ஞானம் சொல்லட்டும். எமது தோட்டத்தில் அதனை நாமே தொடங்கிவிட்டோம். பெரியவர்களும் வந்து உட்காரலாம். ஆனால் அங்கே கேள்வி கேட்கும் பிள்ளையை எவரும் அதட்டக்கூடாது.