அட்வான்ஸ் கொடுத்த பிறகு பள்ளிக்கூடம்

பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போகிறவர்களிடம் நீட்டப்படும் மனை விளம்பரத் தாள்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: பள்ளி, கல்லூரிகள் மிக அருகில். எந்தப் பள்ளி, எத்தனை கிலோமீட்டர், அங்கே இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டியாவது வாசிக்கிறதா என்பதெல்லாம் தாளில் வராது. தண்ணீர் உப்பா, பட்டா யார் பெயரில், சிஎம்டிஏ அங்கீகாரம் உண்டா என்று குடைந்து குடைந்து கேட்கிறவர்களும் இதை மட்டும் கேட்பதில்லை. வாடகைக்கு வருகிறவர்கள் கதை இன்னும் மோசம். அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சி, கேஸ் இணைப்பையும் மாற்றிய பிறகுதான் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற பேச்சே எழுகிறது.

அந்தச் சாலையில் இருக்கும் திருமழிசைக்கு ஆழ்வார் பெயரால் கிடைத்த புகழ் பழையது. இன்று குடும்பங்களை இழுப்பது சிட்கோ தொழிற்பேட்டையும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளும், நகரத்துக்குள் கட்டுப்படியாகாத வாடகையும்தான். அப்படி வருகிற பெற்றோரின் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "சிபிஎஸ்இயா, மெட்ரிகுலேஷனா?" ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமில்லை. அந்த இடத்தில் கேட்க வேண்டியது, பள்ளி நடந்து போகிற தூரத்தில் இருக்கிறதா என்பதுதான்.

சமச்சீர் கல்வி 2010இல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் தொடங்கியது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குக்குப் பிறகு மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. அதன்பின் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கும் அரசுப் பாடத்திட்டம் ஒன்றுதான். கட்டணம் அதிகம் என்பதால் பாடம் மாறிவிடாது.

தனியார் பள்ளியில் கற்றல் கூடுகிறதா என்பதைப் பக்கத்து மாநிலத்தில் சோதித்தே பார்த்தார்கள். ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2008இல், பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 180 கிராமங்களில் குலுக்கல் நடத்தினார்கள். பெயர் விழுந்த குழந்தைகள் தனியார் பள்ளிக்கு இலவசமாகப் போனார்கள், விழாதவர்கள் பழைய இடத்திலேயே படித்தார்கள். நான்கு ஆண்டு கழித்துத் தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. தனியாரில் படித்த குழந்தைகள் இந்தியில் முன்னே நின்றார்கள், ஏனென்றால் அங்கே அது பாடமாக இருந்தது. தனியாருக்குச் சேர வேண்டிய பாராட்டும் உண்டு: தெலுங்கு, கணக்குக்குக் குறைந்த நேரமே ஒதுக்கி, அரசு செலவிடுவதில் மூன்றில் ஒரு பங்கில் அவர்கள் அதே விளைவை எட்டியிருந்தார்கள். ஆனால் அந்தச் சிக்கனம் பெற்றோரின் கட்டண ரசீதில் தெரிவதில்லை.

தமிழ்நாட்டிலும் நிலைமையைப் பூசி மெழுக முடியாது. கொரோனா விடுமுறைக்குப் பின் 2022இல் எடுத்த அசர் என்ற கற்றல் திறன் கணக்கெடுப்பில், ஊரகத் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 5 விழுக்காடுகூட இல்லை. அரசு, தனியார் இரண்டையும் சேர்த்த கணக்கு அது. அதே ஆண்டு ஜூனில், திருமழிசை இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில்தான் இந்த இடைவெளியை நிரப்ப 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது.

ஆகவே புதிய ஊரில் பள்ளி பார்க்கப் போகிறவர்கள் வரவேற்பறையில் குளிரூட்டி இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டாம் வகுப்பு நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் புரட்டலாம். எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி 'டிக்' மட்டும் விழுந்திருந்தால் யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று பொருள். தப்பை வட்டமிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, பிள்ளை அதைத் திரும்ப எழுதியிருந்தால் அங்கே ஓர் ஆசிரியர் இருக்கிறார். அடுத்து, அந்த வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணலாம். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்குச் சொல்வது, 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூவர்.

இனி தூரம். திருமழிசையிலிருந்து பூந்தமல்லிப் பள்ளிகளுக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் வேன் தெருத் தெருவாகச் சுற்றி, லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போவதற்குள் பிள்ளை தூங்கி வழிந்துவிடும். ஷேர் ஆட்டோவென்றால் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு பலகை போட்டு, அதில் நான்கு பேர், மடியில் பை, வெளியே தொங்கும் தண்ணீர்ப் பாட்டில். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளே வந்தன. சட்டம் எழுதியவர்களுக்குத் தூரத்தின் அருமை தெரிந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி என்பது தமிழ்நாட்டு விதி. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் இலவசமாக ஒதுக்கப்படும் 25 விழுக்காடு இடத்துக்கு விண்ணப்பிக்கவும் அதே ஒரு கிலோமீட்டர்தான் அளவு. அந்த விண்ணப்பம் வழக்கமாகக் கோடையிலேயே முடிந்துவிடும் என்பதால், ஜூனில் குடிவருகிறவர்கள் அந்த ஆண்டைத் தவறவிடுகிறார்கள்.

மாற்றுச் சான்றிதழ் (டிசி) கிடைக்கவில்லை என்று வீட்டில் உட்கார வைப்பதும் தேவையில்லாதது. அரசு, உதவிபெறும் பள்ளிகளில் மாறிச் சேர, டிசி தாமதமானால் அதைக் காரணம் காட்டி இடம் மறுக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. கட்டண பாக்கிக்காக டிசியைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது.

இதையெல்லாம் பெற்றோர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. ஆவடிப் பக்கம் பணிமாற்றத்தில் வருகிற மத்திய அரசு ஊழியருக்கு இந்தக் கவலை பாதிதான். 1963இல் கேந்திரிய வித்யாலயாக்கள் தொடங்கப்பட்டதே ஊர் ஊராக மாற்றப்படுகிறவர்களின் பிள்ளைகளுக்காக. ஒப்பந்தத் தொழிலாளிக்கும், கூவம் கரையிலிருந்து பெயர்த்து கூடப்பாக்கம் அடுக்கு வீடுகளில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. அவர்கள் விரும்பி இடம் மாறியவர்களும் அல்ல.

திருமழிசைத் துணைநகரம் 2011இல் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. இப்போது புதுநகர் வளர்ச்சித் திட்டப் பட்டியலிலும் ஊர்ப் பெயர் இருக்கிறது. குத்தம்பாக்கத்தில் பேருந்து முனையத்துக்கு 25 ஏக்கர் ஒதுக்கினார்கள். கொரோனா பரவியபோது, 2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தையையே சில நாளில் திருமழிசைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள், செப்டம்பர் வரை சென்னைக்கே இங்கிருந்துதான் காய்கறி போனது. அவ்வளவு வேகம் காட்டத் தெரிந்த அரசு, புதுநகர் வரைபடத்தில் வீட்டு மனைகளுக்கு எண் போடுவதற்கு முன்னால் தொடக்கப் பள்ளிகளுக்கு இடம் குறிக்கட்டும். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் தனித்தனியாக வேண்டும், எதிர்ப் பக்கத்துப் பள்ளி ஆறு வயதுப் பிள்ளைக்கு அருகில் உள்ள பள்ளி ஆகாது. முதல் வீட்டின் சாவியைக் கொடுக்கிற ஜூனிலேயே அங்கே ஒன்றாம் வகுப்பு நடக்கட்டும்.