உக்கிய பலகைக்கு எதற்குப் பெயின்ட்?

பைபர் போட் வாங்கப் போகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். அணியம் நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, புகையைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். அந்த எஞ்சின் எதில் தொங்குகிறதோ அந்தப் பின்பலகையை ஒருவரும் தட்டிப் பார்ப்பதில்லை. போட்டில் முதலில் சாவது அதுதான், வெளியே தெரியாமல் சாவதும் அதுதான்.

ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் இருக்கிற எங்களுக்கு போட் உல்லாசச் சாமான் இல்லை. பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போவது அதில். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அவசரமென்றாலும் முதலில் இறங்குதுறைக்குத்தான் ஓடுகிறோம். ரோட்டைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் போனால் ஒரு நாள் சம்பளமே கரைந்துவிடும். கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் அணை கட்டி, அந்தத் தண்ணீரை விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு இறக்கினார்கள். 50 மெகாவாட் மின்சாரம் நாட்டுக்குப் போனது. அடிவாரத்துத் தேயிலை நிலம் தண்ணீருக்குள் போனது. பக்கத்தில் மவுசாகலையில் பழைய மஸ்கெலியா டவுனே மூழ்கியது. வறட்சியில் நீர் வற்றும்போது அங்கே பழைய கோயில் எழும்பி நிற்பதை ஜனங்கள் இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். பள்ளத்தாக்கைக் கொடுத்த ஜனம் அந்தத் தண்ணீரைக் கடக்க, கடற்கரை கழித்துப்போட்ட போட்டைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

நாங்கள் கூட்டாகக் காசு போட்டு வாங்கியது 18 அடி போட். சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் ஆயிரக்கணக்கில் பைபர் போட்டுகளைக் கொடுத்தார்களே, அந்தக் காலத்துச் சாமான். பக்கவாட்டில் ஏதோ உதவி நிறுவனத்தின் பெயர் பாதி அழிந்து கிடந்தது. அவசர அவசரமாகக் கட்டிய அந்தப் போட்டுகளில் பல தரம் குறைந்தவை என்று ஐ.நா. உணவு விவசாய அமைப்பே அப்போது எச்சரித்தது. கட்டத் தெரியாத நாடில்லை இது. 1960களின் கடைசியிலேயே காரைநகரில் நோர்வே உதவியோடு சீநோர் படகுத்தளம் தொடங்கி, நம் பிள்ளைகள் கையாலேயே பைபர் போட் கட்டினார்கள். யுத்தம் அதையும் தின்றது.

பின்பலகைக்குள் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. வெளியே ஒரு பைபர் தோல், உள்ளே ஒரு பைபர் தோல், நடுவில் பிளைவுட். பைபர் உக்காது, பிளைவுட் உக்கும். எஞ்சினைப் பூட்ட போல்ட் துவாரம் போடுகிறார்கள். தண்ணீர் வடிய அடியில் ஒரு துவாரம் போடுகிறார்கள். துளைத்த இடத்தில் வெறும் மரம் தெரிகிறது. அதில் ரெசின் தடவி, சீலன்ட் வைத்து அடைக்க ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யமாட்டார்கள். அந்தத் துவாரத்தின் வழியே தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கி, இரண்டு தோலுக்கும் நடுவில் நின்று, பலகையைச் சேறாக்குகிறது. வெளியே பார்த்தால் பளபளப்பு.

இங்கே ஒரு தவறான நம்பிக்கை வேறு. "கடல்ல ஓடின போட்டுண்ணே, நம்ம நல்ல தண்ணியில இன்னும் இருவது வருசம் கெடக்கும்" என்கிறார்கள். நேர்மாறு. உப்பு மரத்தை ஓரளவுக்கு உக்கவிடாமல் பிடித்து வைக்கும். நன்னீரும் மழைநீரும்தான் பிளைவுட்டுக்கு எமன். நாட்டிலேயே அதிகம் மழை கொட்டும் வட்டவளை எங்களுக்கு எட்டிய தூரத்தில். மூடாமல் போட்ட போட்டில் மழைத்தண்ணீர் நாட்கணக்கில் பின்பலகையின் காலடியிலேயே தேங்கி நிற்கிறது.

கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல பலகை கணீரென்று பேசும், உக்கினது பொத்தென்று கேட்கும். எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் உக்கின பலகை சேர்ந்து அசையும். சந்தேகமிருந்தால் உள்பக்கத்தில் சின்னத் துளை போட்டு என்ன வருகிறது என்று பார்க்கலாம். காய்ந்த மரத்தூள் வந்தால் தப்பித்தோம். எங்களுக்கு வந்தது ஊறவைத்த தேயிலைச் சக்கை மாதிரி ஒன்று. 15 குதிரைவலு எஞ்சின் சும்மா தொங்கினாலே 35 கிலோவுக்கு மேல். ஓடும்போது போட் முழுவதையும் தள்ளுகிற விசையும் அந்தப் பலகையில்தான் விழுகிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடுத்தண்ணீரில் அது பிளந்திருந்தால் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

சரி, திருத்தலாம் என்றால் அங்கேயும் அதே கதை. "மேல ரெண்டு மேட் ஒட்டி, கிளாஸ் அடிச்சு, பெயின்ட் பூசித் தாறேன்" என்றார் நீர்கொழும்பிலிருந்து வந்து பார்த்த பைபர் பாஸ். உக்கினதை உள்ளே வைத்து மூடினால் ஈரமும் உள்ளேயே இருக்கும். புதுப் பலகை போட்டாலும் பழைய உக்கல் மிச்சமிருந்தால் அதையும் சேர்த்துத் தின்னும். செய்யவேண்டியதே வேறு. எஞ்சினைக் கழற்றி, ஓரத்தில் இரண்டு விரற்கடை விட்டு உள்தோலை வெட்டி எடுக்க வேண்டும். உக்கலை உளியால் கடைசித் துணுக்கு வரைக்கும் சுரண்டி, வெளித்தோலைக் காயவிட்டு, சொரசொரப்பாகத் தேய்க்க வேண்டும். கடுதாசி அட்டையில் அளவு எடுத்து, 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை ஒட்டி, விளிம்பெல்லாம் ரெசின் குடிக்கவைத்து, கெட்டிப்பசையில் இடைவெளி இல்லாமல் அழுத்திப் பதிக்க வேண்டும். பிறகு அடுக்கடுக்காகக் கண்ணாடி இழை மேட். ஒவ்வொரு அடுக்கும் பக்கவாட்டுச் சுவரிலும் அடித்தட்டிலும் நன்றாக ஏறி உட்கார வேண்டும். பலகையில் மட்டும் ஒட்டி நிறுத்தினால், எஞ்சினின் விசையில் மூலையில் கீறல் விழும்.

பிளைவுட் வாங்கப் போனால் அடுத்த வேதனை. கடையில் கேட்டால் எல்லாமே 'மெரைன்'தான். முத்திரை குத்தியிருக்கும். ஒரு துண்டு வெட்டி வந்து பானையில் போட்டுக் கொதிக்கவைத்தேன். அடுக்கு அடுக்காகப் பிரிந்து மிதந்தது. உண்மையான மெரைன் பிளைவுட்டின் பசை கொதிக்கும் தண்ணீருக்குப் பிரியாது. உயிரை ஏற்றிப் போகிற சாமானுக்கு இப்படி முத்திரை குத்த எப்படி மனசு வருகிறது?

ரெசினோ கடற்கரை வெயிலுக்குப் பழகினது. 20 பாகைக்கு மேலே ஒழுங்காக இறுகும், 15க்குக் கீழே போனால் தூங்கிவிடும். நுவரெலியா டவுனில் வருடச் சராசரியே 16 பாகை அளவுதான், தை மாசியில் புல்லில் உறைபனி விழும். கிரகரி வாவியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிற போட்டுகளைத் திருத்துகிறவர்களுக்கும் இந்தக் குளிர்தான். நாங்கள் கொஞ்சம் கீழே இருக்கிறோம், ஆனால் மிஸ்டுக்கும் மழைக்கும் குறைவில்லை. கண்ணாடி மேட் அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டால் ரெசின் பிடிக்காது. அவசரப்பட்டவர்கள் ரெசினை இறுகவைக்கும் கட்டலிஸ்டைக் கூட்டி ஊற்றுகிறார்கள். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம்தான் கணக்கு. அதற்கு மேல் போனால் சூடேறி, முறுகி, வெடிக்கிறது. அதைவிடப் பயங்கரம், இறுகலை விரைவாக்கும் கோபால்ட்டையும் கட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றாகக் கலப்பது. தீப்பிடித்து வெடிக்கும். இதை எந்த டப்பாவிலும் தமிழில் நான் கண்டதில்லை. வாங்குகிற பிள்ளைக்கு யார் சொல்வது?

தண்ணீரில் ஏதாவது நடந்தால் மறுநாள் உயிர்காப்பு அங்கியைப் பற்றிப் பேசுகிறோம். அங்கி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் போட் தண்ணீருக்கு இறங்குமுன் பின்பலகையைத் தட்டிப் பார்க்க ஓர் அதிகாரியாவது வரக்கூடாதா? ஹட்டன் பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டிங் சொல்லித் தருகிறார்கள், வயரிங் சொல்லித் தருகிறார்கள். இத்தனை நீர்த்தேக்கம் இருக்கிற மலையில் பைபர் வேலையை ஏன் சொல்லித் தருவதில்லை? நாலு தோட்டப் பிள்ளைகள் கற்றுக்கொண்டால், நாங்கள் நீர்கொழும்புக்கு போன் போட்டு பாஸ் எப்போது மலையேறுவார் என்று காத்துக்கிடக்க வேண்டாம்.

எங்கள் போட் இப்போது தகரக் கொட்டகைக்குள் இருக்கிறது. பலகை பதித்தாகிவிட்டது, மேட் இரண்டு அடுக்கு ஏறிவிட்டது, அடுத்த அடுக்குக்குக் காய்ந்த பகல் ஒன்று வேண்டும். "இன்னும் முடியலியாண்ணே?" என்று இறங்குதுறையில் தினமும் கேட்கிறார்கள். ரெசின் முழுதாக இறுகி, போல்ட் துவாரம் ஒவ்வொன்றையும் பெரிதாகத் துளைத்து ரெசினால் நிரப்பி, அதற்குள் மறுபடி துளைத்து, சீலன்ட் வைத்துப் பூட்டுகிற வரைக்கும் அந்தப் போட்டைத் தண்ணீரில் இறக்க விடமாட்டேன். பெயின்ட் அதற்குப் பிறகு, காசு மிஞ்சினால்.