21 இரவும் 26 பாகமும்

பாலக்காடு மாவட்டத்தில் பாரதப்புழைக் கரையை ஒட்டிய பகவதி கோயில்களில், அறுவடை முடிந்த கையோடு தோல்பாவைக்கூத்து ஆரம்பித்துவிடும். அதற்கென்றே கோயிலுக்கு எதிரே கூத்துமாடம் என்ற நிரந்தர மேடை உண்டு. நீளமான வெள்ளைத் திரை. அதன் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி வரிசையாக ஏற்றிய 21 விளக்குகள். விளக்குக்கும் திரைக்கும் நடுவில் தோலில் வெட்டிய பாவைகள். பாடப்படுவது கம்பராமாயணம். மலையாள நாட்டில், மலையாளம் பேசும் புலவர்கள், தமிழ்ப் பாட்டைச் சொல்லி, தமிழும் மலையாளமும் கலந்த ஒரு நடையில் இரவெல்லாம் பொருள் விரிக்கிறார்கள். 7 இரவு, 14 இரவு, 21 இரவு, சில இடங்களில் 41 இரவு என்று கோயிலுக்கு ஒரு கணக்கு. தாரகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்கத் தவறிவிட்ட பத்ரகாளிக்காக அதை ஆண்டுதோறும் நடத்திக் காட்டுவதாக ஐதீகம். நள்ளிரவு தாண்டினால் திரைக்கு முன் பெரும்பாலும் ஆள் இருக்காது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தக் கூத்தைப் பற்றி 1996-இல் வெளியிட்ட புத்தகத்தில் பெரிதும் வியப்பது இந்த ஆளில்லாத கூத்தைத்தான். புலவர்களுக்கு அதில் குறையொன்றும் இல்லை. அம்மன் பார்க்கிறாள். அவளுக்கு அவசரமில்லை.

ஜப்பானியர்களின் அனிமே பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு தோல்பாவையைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'மெதுவாகப் போகிற கதை, ஆனால் ஆட்கள் மனதில் நிற்க வேண்டும், ஊர் உலகம் கண்ணில் தெரிய வேண்டும், அப்படி எந்த அனிமே பார்க்கலாம்?' என்று கேட்கும் இளைஞர்கள் இப்போது எங்கும் இருக்கிறார்கள். 'மெதுவாகப் போனால் போரடிக்காதா?' என்பது அவர்களுடைய பெற்றோரின் கேள்வி. விளக்கொளியில் படம் அசைய, ஒரு கதையை 21 இரவு சொன்ன பழக்கம் உள்ள ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நீளம் வேறு, நிதானம் வேறு. நம் மெகா சீரியல்கள் ஆயிரம் பாகம் தாண்டுகின்றன. ஆனால் முதல் பாகத்தில் பாலில் எதையோ கலந்த நாத்தனார் ஆயிரமாவது பாகத்திலும் கலந்துகொண்டே இருக்கிறார். காலம் ஓடுகிறது, ஆள் மாறவில்லை. அது நீளம். நிதானமான கதையில் சம்பவம் குறைவாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சம்பவமும் ஆளின் மேல் ஒரு தழும்பை விட்டுவிட்டுப் போகும். பத்துப் பாகம் கழித்து அந்தத் தழும்பை நாம் அடையாளம் கண்டுகொள்கிறோம். அதற்காகத்தான் அத்தனை நேரம்.

அனிமே என்ற சொல் தெரியாத காலத்திலேயே நாம் அதைப் பார்த்திருக்கிறோம். 1993-இல் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை வந்த 'ஜங்கிள் புக்' ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் 1989-இல் எடுத்த 52 பாகத் தொடர். இந்தி புரியாத தமிழ்ப் பிள்ளைகளும் மோக்லிக்காகக் காத்திருந்தார்கள். ராமாயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் நம் நாட்டின் ராம் மோகனோடு சேர்ந்து 1992-இல் முடித்த 'ராமாயணம்: இளவரசர் ராமனின் புராணம்' 2025 ஜனவரி 24 அன்று தமிழ் உட்பட நான்கு மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அழகான படம். காடும் கடலும் வரைந்திருக்கும் விதத்துக்காகவே பார்க்கலாம். ஆனால் இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. விபீஷணன் அண்ணனை விட்டுப் பிரிய முடிவு செய்வதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். கூத்துமாடத்தில் அதே விபீஷணனுக்கு இரவில் பாதியைக் கொடுப்பார்கள். ஒரே பாட்டை எடுத்துக்கொண்டு புலவர் எங்கெங்கோ போய்த் திரும்பி வருவார். தர்மம் எது என்ற கேள்வி அந்தச் சுற்றுவழியில்தான் கனக்கிறது.

இனி பட்டியல். நான்கு மட்டும் சொல்கிறேன்.

குழந்தைகளோடு தொடங்குவதானால் 'ஹைடி'. 1974-இல் வந்த 52 பாகத் தொடர். இயக்கியவர் இசாவோ தகஹாத்தா. காட்சி அமைப்பைச் செய்தவர் பிற்பாடு உலகப் புகழ் பெற்ற ஹயாவோ மியாசாகி. சுவிட்சர்லாந்து மலையில் நடக்கும் கதை என்பதால் 1973-இல் அந்த மலைக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைந்தார்கள். தாத்தா பாலாடைக்கட்டியை நெருப்பில் வாட்டுவதும், ஆடுகள் மேய்ச்சலுக்குப் போவதும், வைக்கோல் படுக்கையும்தான் ஆரம்பப் பாகங்களின் 'சம்பவங்கள்'. பின்னால் அந்தப் பெண்ணை நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது அவளுக்கு ஏன் உடம்புக்கு ஆகாமல் போகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த மலையில் நாமும் பல வாரம் இருந்துவிட்டோம்.

இரண்டாவது 'முஷிஷி'. யூக்கி உருஷிபாராவின் சித்திரக்கதையிலிருந்து ஹிரோஷி நகஹாமா இயக்கி 2005-06-இல் வந்த 26 பாகங்கள், 2014-இல் மேலும் சில. கண்ணுக்குப் புலப்படாத 'முஷி' என்ற ஆதி உயிர்கள் மனிதரோடு உராயும்போது வரும் நோய்களைத் தீர்க்க, கிங்கோ என்ற ஒருவன் ஊர் ஊராகப் போகிறான். பாகத்துக்கு ஒரு கதை. எந்தக் கதையிலும் வில்லன் இல்லை. முஷியை அழிப்பதும் அவன் வேலை இல்லை, அதன் இயல்பை அறிந்து விலக்கிவிடுவான். கிங்கோ அதிகம் மாறுவதில்லை, மாறுவது நாம்தான். பத்துப் பாகம் பார்த்தபின் ஒரு காட்டைப் பார்க்கும் பார்வை வேறாகிவிடும். இது பெரியவர்களுக்கு.

மூன்றாவது 'ஃபிரீரென்'. 2023 செப்டம்பரில் தொடங்கி 2024 மார்ச் வரை முதல் பருவம், 28 பாகங்கள். மற்றக் கதைகள் முடிகிற இடத்தில் இது ஆரம்பிக்கிறது. அசுர ராஜாவை வென்று பத்து வருடப் பயணம் முடித்து நால்வர் ஊர் திரும்புகிறார்கள். அவர்களில் ஃபிரீரென் ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்துவரும் இனத்தவள். அவளுக்குப் பத்து வருடம் ஒரு பொருட்டே இல்லை. ஐம்பது வருடம் கழித்து வந்து பார்க்கிறாள். கூடப் பயணித்த ஹிம்மெல் கிழவனாகி, இறந்துபோகிறான். அடக்கத்தின்போதுதான் அவளுக்கு உறைக்கிறது: பக்கத்திலேயே இருந்தவனைத் தெரிந்துகொள்ள நாம் முயலவே இல்லையே. மிச்சக் கதை அந்த ஒரு வருத்தத்தின் விரிவு. யுத்தத்தைத் தவறவிட்ட நம் பகவதிக்கு ஃபிரீரெனைப் பிடித்துப்போகும்.

நான்காவதுதான் எனக்கு நெருக்கமானது. 'மோரிபிடோ', 2007, கென்ஜி கமியாமா இயக்கிய 26 பாகங்கள். மூலம் 1996-இல் வெளிவந்த நாவல். எழுதிய நஹோகோ உயெஹாஷி, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளை ஆய்ந்த மானிடவியலாளர். 2014-இல் சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றவர். முப்பது வயதான பால்ஸா என்ற பெண், ஈட்டி பிடிக்கும் மெய்க்காவலர். தகப்பனாலேயே கொல்லப்படவிருக்கும் இளவரசன் ஒருவனைக் காப்பாற்றுகிறாள். (பையனின் பெயரைச் சகும் என்று குறிலில் எழுதுகிறேன். நெடில் போட்டால் தமிழில் விபரீதமாகிவிடும்.) பையனுக்குள் ஒரு நீர்த்தெய்வத்தின் முட்டை இருக்கிறது. அரண்மனை எழுதிவைத்த வரலாறு, நாட்டை நிறுவிய மன்னன் நீர் அசுரனைக் கொன்றான் என்கிறது. அந்த மண்ணின் பழங்குடிகளான யாக்கூ மக்களின் நினைவோ, அந்த உயிர் பிறக்காவிட்டால் மழை பொய்க்கும் என்கிறது. ஆனால் யாக்கூக்கள் தங்கள் கதையைப் பாதி மறந்துவிட்டார்கள். ஒரு பக்கம் அரண்மனை அறிஞன் பழைய கல்வெட்டைப் படிக்கிறான், மறுபக்கம் வாய்மொழியின் மிச்சத்தைத் தேடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பையன் பிழைப்பான். நடுவில் பல பாகங்களுக்குச் சண்டையே கிடையாது. பால்ஸாவும் பையனும் ஒரு நீராலைக் குடிலில் தங்கிவிடுகிறார்கள். அரண்மனைப் பிள்ளை சாதாரணப் பிள்ளையாக வாழப் பழகுகிறான். வேகம் விரும்பிகள் அங்கேதான் எழுந்து போவார்கள். அங்கேதான் கதையே இருக்கிறது.

இதைப் பார்க்கும்போது எனக்கு இடுக்கி மலைகள் நினைவுக்கு வருவதில் ஆச்சரியம் இல்லை. தேவிகுளம், மறையூர்ப் பக்கத்து முதுவர்கள் தாங்கள் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். தெய்வத்தை முதுகில் சுமந்து மலையேறியதால் இந்தப் பெயர் என்பது அவர்களிடையே வழங்கும் கதைகளில் ஒன்று. அவர்கள் பேச்சு தமிழுக்கு மிக அருகில் நிற்பது. எழுத்து இல்லை. 1956-இல் மாநிலக் கோடு போட்டபோது அந்தக் கதை கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யாரும் கேட்கவில்லை. கேரளத்தின் முதல் பழங்குடிக் கிராமப் பஞ்சாயத்தாக இடமலைக்குடி 2010-இல்தான் அமைந்தது. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் வீட்டில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி. இங்கே வளரும் பிள்ளைக்கு, அரசு எழுதிய வரலாறும் பாட்டி சொன்ன கதையும் ஒத்துப்போகாது என்பது செய்தியே அல்ல. அதை ஒரு முழு உலகமாகக் கட்டி, 26 பாகம் பொறுமையாகச் சொன்னவர்கள் ஜப்பானியர்கள் என்பதுதான் செய்தி.

இங்கே தமிழ் டப்பிங் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தமிழிலும் பேசிக்கொண்டு திரையரங்குக்கு வந்தது. நல்லது. ஆனால் வாள்வீச்சுக்குத் தமிழ் எழுதுவது சுலபம். நிதானமான தொடருக்கு எழுதுவதுதான் கடினம். டப்பிங்கில் நமக்கு மௌனம் என்றால் பயம். உதடு அசையாத இடத்திலும் ஒரு 'அப்படியா' போட்டு நிரப்பிவிடுவோம். மியாசாகி இந்த இடைவெளியை விளக்கும்போது கைகளைத் தட்டிக் காட்டுவாராம். இரண்டு தட்டலுக்கு நடுவில் இருக்கும் நேரத்தை ஜப்பானிய மொழியில் 'மா' என்கிறார்கள். தோல்பாவைப் புலவர் பேசிப் பேசி நிதானிக்கிறார், ஜப்பானியர் பேசாமல் நிதானிக்கிறார். தமிழுக்கு முதலாவது கைவந்த கலை. இரண்டாவதைப் பழக வேண்டும்.

இன்னொன்று, மரியாதைப் பன்மை. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. ஜப்பானிய மொழியில் அடுக்கடுக்கான மரியாதைகள். தமிழில் நீ, நீர், நீங்கள் இருக்கின்றன. ஆங்கில சப்டைட்டிலை வைத்துக்கொண்டு தமிழாக்கினால், மூலத்தில் இருந்து தமிழிலும் இருக்கிற ஒன்று நடுவழியில் தொலைந்துபோகும். இளவரசனைப் பால்ஸா எந்தப் பாகத்தில் 'நீ' என்று கூப்பிட ஆரம்பிக்க வேண்டும்? அவன் எந்தப் பாகத்தில் அவளை 'நீங்கள்' என்பான்? ஒரு பாத்திரம் மெல்ல மாறுவதை இந்த இரண்டு சொற்களின் இடமாற்றத்திலேயே காட்டிவிடலாம். ஆங்கிலத்துக்குக் கிடைக்காத வசதி இது. பயன்படுத்த ஆள் வேண்டும். மூன்று மொழிக்கு நடுவில் வளர்ந்து, யாரை எப்படி அழைப்பது என்று தினமும் யோசித்துப் பேசுகிற எல்லைப் பிள்ளைகளை டப்பிங் கம்பெனிகள் தேடிப் பிடிக்கலாம்.

பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. இவற்றை ஒரே மூச்சில் பார்த்துத் தீர்க்காதீர்கள். இரவுக்கு ஒரு பாகம், அவ்வளவுதான். அடுத்த பாகம் தானாக ஓடத் தொடங்கினால் நிறுத்திவிட்டுத் தூங்கப் போங்கள். நான்கு பாகம் பார்த்தும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம், குற்றமில்லை. ஒட்டிவிட்டால், ஐந்தாம் நாள் பகலில் வேலைக்கு நடுவே அந்த நீராலைச் சத்தம் உங்களுக்குக் கேட்கும்.