காவும் குளமும்

‘கா’ என்னும் ஓரெழுத்து ஒருமொழிக்குச் சோலை என்பது ஒரு பொருள். காப்பாயாக என்பது மற்றொரு பொருள். இவ்விரு பொருளையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கவேண்டிய நிலையில் வவுனியா நகரம் இன்று நிற்கின்றது.

வன்னி நாட்டில் ஊரும் குளமும் வேறல்ல. புளியங்குளம், செட்டிகுளம், பாண்டியன்குளம் என ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று பகரும். வவுனியன் விளாங்குளம் என்பதன்றோ வவுனியாவின் பழம்பெயர்! ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இங்கில்லை. மாரி மழையை அணைகோலித் தேக்கியே முன்னோர் வாழ்ந்தனர். நிலமோ அடியில் வன்பாறை கொண்டது. குளத்தில் நீர் நின்றாலன்றி அயற்கிணறுகளில் ஊற்று நில்லாது.

அத்தகைய வவுனியாக் குளத்தின் ஒரு பகுதியில் மண்ணிட்டுப் பொழுதுபோக்கிடம் அமைத்தமை பற்றி அண்மை ஆண்டுகளில் எழுந்த கருத்து வேறுபாட்டை வாசகர் அறிவர். நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடியாட இடம் வேண்டும் என்பது நியாயமே. ஆயின், குளத்தைக் குறைத்துக் காவைப் பெறுதல், முதலைச் செலவிட்டு வட்டியை எதிர்பார்ப்பதை ஒக்கும்.

பிறநாட்டார் செய்தமையை நோக்குக. சென்னையில் அடையாற்றுக் கழிமுகத்தில் குப்பை மலிந்து கிடந்த நிலம் சதுப்புநிலமாக மீட்கப்பெற்று, 2011 இல் தொல்காப்பியப் பூங்கா எனத் திறக்கப்பட்டது. அங்கே நீரைத் தூர்த்துக் காச் செய்திலர். நீரை மீட்டே காச் செய்தனர். சண்டிகார் நகரிலே வீதி மேற்பார்வையாளராயிருந்த நேக் சந்த் என்பார், உடைந்த வளையல்களையும் பீங்கான்களையும் கொண்டு தனியொருவராய் ஆக்கிய கற்பூங்கா 1976 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கழிபொருள் என்பது பயன்படுத்த அறியாதார் இட்ட பெயர் போலும்!

நாம் செய்யத்தக்கன யாவை? குளத்தைத் தூர்வாரி எடுக்கும் வண்டல், பூங்காப் பாத்திகளுக்கு நல்ல உரமாகும். ஆகாயத்தாமரையை ஒழிக்க இலங்கையில் 1909 ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. களை இன்னும் ஒழிந்தபாடில்லை. அதனை வாரிச் சந்தைக் கழிவோடு சேர்த்து மக்கவிட்டால் பசளையாகும். உடைந்த ஊஞ்சல்களையும் இருக்கைகளையும் தொழிற்பயிற்சி மாணவர் செப்பனிடலாம். குளத்தோரக் காப்புநிலத்தில் மருதும் நாவலும் விளாவும் நாட்டலாம். அணையின்மீது மட்டும் பெருமரம் ஆகாது. வேர் ஓடிய வழியே நீர் கசிந்து அணை உடையும். நாட்டிய மரங்களுக்குத் தமிழ்ப்பெயர் எழுதிவைக்கும் பணியைப் பள்ளிப் பிள்ளைகளிடம் விடலாம்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை; ஒன்றுகூடும் மனமே வேண்டும். காலபோகத்துக்கு முன்னர்க் கமக்காரர் கூடி விதைப்பு நாளையும் வாய்க்காற் பணியையும் வகுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதுபோல், ஆண்டுதோறும் மாரிக்கு முன் மன்றத்தாரும் கமக்காரரும் வணிகரும் ஆசிரியரும் குளக்கரையிற் கூடி, யார் எப்பணியைச் செய்வதென வகுத்துக்கொள்வாராக. அக்கூட்டத்தின் முதல் முடிவு, இனிக் குளத்தில் ஒரு கூடை மண்ணும் இடுவதில்லை என்பதாக இருத்தல் வேண்டும். குளம் நிறைந்தால் கா தானே தழைக்கும்.