சோதிக்கும் பொறியைச் சோதிப்பவர் யார்?

வேலைவாய்ப்புக் காலம் வந்துவிட்டால் நம் விடுதியிலே ஒரு புதுப் பெருமை பிறக்கிறது. "அண்ணா, எங்கள் வலைத்தளத்துக்கு முந்நூறு சோதனைகள் எழுதியிருக்கிறோம், எல்லாம் தாமாகவே ஓடும்" என்கின்றனர் இளையவர். ஓடட்டும், மகிழ்ச்சியே. ஆனால் அவற்றுள் ஒன்று சிவப்பு காட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டால், "இன்னொரு முறை ஓட்டுவேன், பச்சை வந்துவிடும்" என்று தயங்காமல் விடை வருகிறது. இந்த விடையைத்தான் நான் எதிர்க்கிறேன். ஒருவரும் நம்பாத முந்நூறு சோதனைகளைக் காட்டிலும் எல்லோரும் நம்பும் பன்னிரண்டு சோதனைகள் மேலானவை என்பது என் துணிபு. புலி வருகிறது என்று நாள்தோறும் கூவிய இடையனின் கதை நாம் அறியாததா?

கணினி பயிலாத நண்பர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாதே என்பதற்காக ஒரு சொல். பிரவுசர் எனப்படும் உலாவியைத் திறந்து, பெயரை இட்டு, பொத்தானை அழுத்தி, உரிய விடை வருகிறதா என்று பார்ப்பது மனிதன் செய்யும் சோதனை. பக்கத்தை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் இதையே திரும்பத் திரும்பச் செய்தால் கையும் சலிக்கும், கண்ணும் ஏமாறும். எனவே அவ்வேலையை ஒரு நிரலிடம் ஒப்படைக்கிறோம். சிகாகோ நகரிலே தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ் என்பார் 2004ஆம் ஆண்டில் இதற்கென ஆக்கிய கருவியே செலினியம். பெயரிலே ஒரு குறும்பு உண்டு. அந்நாளில் இத்துறையில் கோலோச்சிய நிறுவனத்தின் பெயர் மெர்க்குரி, அதாவது பாதரசம். பாதரச நஞ்சுக்கு மாற்று செலினியம் என்பர். அந்த மாற்று மருந்து வளர்ந்து, அதன் வழிவந்த வெப்டிரைவர் முறை 2018இல் டபிள்யூ3சி அமைப்பின் ஒப்புதல் பெற்ற தரமாகவே ஆகிவிட்டது. 2020இல் மைக்ரோசாஃப்ட் பிளேரைட்டை வெளியிட்டது.

எக்கருவி சிறந்தது என்று விடிய விடிய வாதிடுவாருமுளர். புதிதாகத் தொடங்குவோர் பிளேரைட்டை எடுத்துக்கொள்ளலாம். குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், சபாரியின் உள்ளிருக்கும் வெப்கிட் ஆகிய மூன்றையும் அது ஒருங்கே இயக்கும். முன்பே செலினியத்தில் எழுதி வைத்திருப்போர் அதை விட்டு ஓட வேண்டுவதில்லை. இதற்குமேல் அவ்வாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. கருவி எதுவாயினும் நோய் ஒன்றே.

அந்நோயின் முதற் காரணம் கடிகாரத்தை நம்புவது. பொத்தானை அழுத்தியதும் "மூன்று நொடி உறங்கு" என்று நிரலுக்குக் கட்டளையிடுகின்றனர். ஏன் மூன்று? ஒருவரும் அறியார். இணையம் விரைவாக உள்ள வேளையில் விடை அரை நொடியில் வந்துவிடுகிறது, மீதி வீண். இரவு பத்து மணிக்கு விடுதி முழுவதும் கிரிக்கெட் பார்க்கும்போது நான்கு நொடி ஆகிறது, சோதனை தோற்கிறது. பக்கத்தில் பிழை ஏதும் இல்லை, ஆயினும் சிவப்பு! கணக்கையும் பாருங்கள்: 60 சோதனைகள், ஒவ்வொன்றிலும் 4 உறக்கம், உறக்கத்துக்கு 3 நொடி என்றால் 720 நொடி, பன்னிரண்டு நிமிடம் பொறி வெறுமனே உறங்குகிறது.

காலத்துக்காகக் காத்திராமல் நிகழ்ச்சிக்காகக் காத்திருப்பதே முறை. "பதிவு ஏற்கப்பட்டது" என்ற வரி திரையில் தோன்றும் வரை பொறு. பதினைந்து நொடிக்குள் தோன்றாவிடில் தோல்வி என்று எழுதுங்கள். அரை நொடியில் தோன்றினால் அரை நொடியிலேயே அது மேலே செல்லும். பிளேரைட் ஒரு பொத்தானை அழுத்துமுன் அது கண்ணுக்குத் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, அழுத்தக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளும். செலினியத்தில் நாம் சொல்ல வேண்டும். அதிலே எங்கும் பொதுவாகக் காத்திருக்கும் முறை ஒன்று, குறித்த நிகழ்ச்சிக்குக் காத்திருக்கும் முறை ஒன்று என இரண்டு உண்டு, இரண்டையும் கலக்காதீர். பத்து நொடியையும் பதினைந்து நொடியையும் கலந்தால் இருபது நொடி காத்திருக்க நேரலாம் என்று செலினியத்தின் கையேடே எச்சரிக்கிறது.

ஒருமுறை வென்று ஒருமுறை தோற்கும் இத்தகைய சோதனைகள் நம்மைப்போன்ற கற்றுக்குட்டிகளிடம் மட்டும் இருப்பதாக எண்ண வேண்டா. கூகுள் நிறுவனமே 2016ஆம் ஆண்டில், தன் சோதனைகளுள் ஏறத்தாழ 16 விழுக்காடு ஓரளவேனும் இவ்வாறு தடுமாறுவதாக வெளிப்படையாக எழுதியது. இதற்கு மருந்தாக "தோற்றால் மூன்று முறை திரும்ப ஓட்டு" என்று அமைத்துவிட்டுக் கண்மூடுவது, காய்ச்சல்மானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்பது போன்றது. மறுஓட்டம் ஒன்று போதும். இரண்டாம் ஓட்டத்தில் வென்றதைப் பிளேரைட் "தடுமாற்றம்" என்று தனியே குறித்துக் காட்டும். அப்பட்டியலை வாரம் ஒருமுறை படியுங்கள். முதல் மறுஓட்டத்தின்போது நிகழ்ந்தவற்றை யெல்லாம் படிப்படியாகப் பதிவு செய்துவைக்கவும் அதிலே வசதி உண்டு. எந்த நொடியில் எது தோன்றியது, எது தோன்றவில்லை என்று பின்னர் நிதானமாகப் பார்க்கலாம். ஊகம் வேண்டுவதில்லை.

இது நிற்க. பொத்தானைப் பொறிக்கு எப்படி அடையாளம் காட்டுவது? பலர் உலாவியில் வலப்பக்கச் சுட்டியை அழுத்தி எக்ஸ்பாத் என்ற முகவரியை அப்படியே படியெடுத்து ஒட்டிவிடுகின்றனர். "மூன்றாம் பெட்டிக்குள் இரண்டாம் பெட்டி, அதற்குள் நான்காவது" என்று அது நீளும். மாடு கட்டியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீடு என்று வழி சொல்வதை ஒக்கும் இது. மாட்டை அவிழ்த்துவிட்டால்? பக்கத்தின் மேலே ஓர் அறிவிப்பைச் சேர்த்த அன்றே முந்நூறும் சாயும். மனிதன் எப்படிக் கண்டுகொள்கிறானோ அப்படியே பொறியும் காண வேண்டும்: "பெயர்" என்று தலைப்பிட்ட கட்டம், "பதிவு செய்" என்ற பொத்தான்.

இதிலே இன்னொரு நன்மையும் உண்டு. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. கட்டத்துக்கு மேலே "பெயர்" என்று கண்ணுக்குத் தெரியுமாறு எழுதியிருந்தும், அச்சொல்லை அக்கட்டத்தோடு நிரலில் இணைக்காமல் விட்டவர் பலர். அப்போது தலைப்பைக் கொண்டு தேடும் சோதனை தோற்கும். பார்வையற்ற மாணவர் ஒருவரின் திரைபடிப்பானும் அவ்விடத்தில் தலைப்பைச் சொல்லாது திகைக்கும். சோதனை தோற்றது நல்லதாயிற்று அல்லவா? அதைத் திருத்தாமல் எக்ஸ்பாத்துக்கு ஓடுபவர் அம்மாணவரை வாயிலிலே நிறுத்திவிட்டுத் தாம் மட்டும் உள்ளே போகிறார்.

இனி நமக்கே உரிய ஒன்றுக்கு வருகிறேன். இங்கு வந்து சேரும் தமிழ் மாணவரின் முதல் தொல்லை பெயர்தான். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் தலையெழுத்து ஒன்றே உண்டு. நானறிந்த ஒரு தம்பிக்கு ஒரு விண்ணப்பப் பக்கம் கடைப்பெயரில் இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று மறுத்தது. அவன் தன் தலையெழுத்தை இருமுறை எழுதி உள்ளே நுழைந்தான். சேர்க்கையின்போது சான்றிதழிலே ஒரு பெயர், விண்ணப்பத்திலே ஒரு பெயர் என்று நிறுத்தி வைத்தனர். அவனுக்கு அறை கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. அப்பக்கத்தையும் எவரோ சோதித்துத்தான் இருப்பர். "ராகுல் சர்மா" என்று இட்டுச் சோதித்தால் எந்நாளும் பச்சைதான்! சோதனைக்கு இடும் பெயரே சோதனையின் உயிர்.

தமிழ் எழுத்திலே பெயர் ஏற்கும் பக்கமாயின் இன்னும் சில பார்க்க வேண்டும். "தமிழ்" என்பது நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடு கணக்கிலே ஐந்து குறிகள், ஏனெனில் கொக்கியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். இருபது எழுத்து வரையறை வைத்தவர் நம் நீண்ட பெயர்களைப் பாதியில் வெட்டுவார். "எழுத்து மட்டுமே ஏற்கப்படும்" என்று விதி வைத்தவர், உயிர்மெய்க் குறிகள் யூனிகோட்டில் எழுத்து வகையில் சேரா என்பதை அறியாமல் "மணி"யையே மறுப்பார். "கொ" என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, பொறிக்கு வேறு வேறு. ஒப்பிடுமுன் இரண்டையும் என்எஃப்சி என்னும் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொண்டால் இத்தொல்லை தீரும். ஆனால் "ஸ்ரீ" மட்டும் அதற்கும் அடங்காது. இரு வேறு மெய்யெழுத்துகளால் அதை எழுதலாம், இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஸ்ரீநிவாசன்மாரைத் தேடும் சோதனை ஒன்று தனியே எழுதி வையுங்கள். திரைப்படம் எடுத்து ஒப்பிடும் சோதனையாயின், அதை ஓட்டும் லினக்ஸ் பொறியில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிடில் கட்டங் கட்டமாகவே படம் வரும். அக்கட்டங்களையே "சரியான படம்" என்று சேமித்துவிட்டால் அதன்பின் தமிழ் சரியாகத் தோன்றும் நாளில்தான் சோதனை தோற்கும்.

பயனர் உலாவியைத்தானே பயன்படுத்துகிறார், ஆகவே எல்லாவற்றையும் உலாவி வழியே சோதிப்பதுதானே முறை என்று கேட்பாருமுளர். கட்டணக் கணக்கைச் சரிபார்க்க உலாவி எதற்கு? அச்சிறு நிரலைத் தனியே சோதித்தால் ஆயிரம் கணக்குகள் ஒரு நொடியில் முடியும். அடியிலே சிறு சோதனைகள் மிகுதி, உச்சியிலே உலாவிச் சோதனைகள் குறைவு என்று மைக் கோன் என்பார் 2009ஆம் ஆண்டு நூலிலே கூம்பு வடிவில் காட்டியதை நம் தம்பியர் தலைகீழாக நிறுத்துகின்றனர். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியிலே நூறு சோதனை எழுதித் தருகிறது. பக்கம் என்ன செய்கிறதோ அதையே சரியென்று எழுதித் தருவதும் உண்டு. என்ன செய்ய வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

சென்ற பொங்கல் விழாவுக்கு நம் சங்கம் அமைத்த பதிவுப் பக்கத்துக்கு இரு தம்பியரும் நானும் சேர்ந்து எழுதிய உலாவிச் சோதனைகள் பதினொன்றே. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய விருந்தினரைத் தானே படைத்துக்கொள்ளும். முன்னது ஓடியதா என்று பின்னது பாராது. எனவே நான்கு நான்காக ஒரே வேளையில் ஓட்ட முடிகிறது. உண்மையான பணம் செலுத்தும் வாயிலைத் தொடுவதில்லை. அவ்வாயிலார் தரும் சோதனை முறையை மட்டும் பயன்படுத்துகிறோம். சோதனையிடத்தில் காப்சாவை அணைத்துவிடுகிறோம். பொறியைத் தடுக்கவே பிறந்த ஒன்றைப் பொறி கொண்டு வெல்ல முயல்வானேன்?

ஒவ்வொரு சோதனையையும் எழுதி முடித்தவுடன் பக்கத்தை வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். பொத்தானை எடுத்துவிடுவோம், விடையை மாற்றிவிடுவோம். அப்போதும் பச்சை காட்டினால் அச்சோதனை குப்பைக்குப் போகும். இரண்டு அவ்வாறு போயின. அழுத்தியதா என்று மட்டும் பார்த்தன அவை. அழுத்தியபின் பதிவு பட்டியலில் ஏறியதா என்று பார்க்கவில்லை.

பன்னிரண்டாவது இன்னும் எழுதப்படவில்லை. சுட்டியைத் தொடாமல் விசைப்பலகை ஒன்றைக் கொண்டே பதிவை முடிக்க இயலுமா என்று அது சோதிக்க வேண்டும். சனிக்கிழமை மாலை நூலகத்தின் கீழ்த்தளத்தில் அமர்கிறோம். கணினி பயிலாதவர் வந்தால் இன்னும் நல்லது. எங்கே தடுக்கி விழலாம் என்பதை எங்களைவிட அவர்களே விரைவில் காட்டுகின்றனர்.