தீப்பெட்டி சொன்ன கணக்கு

விலை ஏறியது என்று கேட்டவுடனே நம் வீடுகளில் எழும் முதற் சப்தம் "அநியாயம்!" என்பது. கணக்குப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறந்தான். பெரும்பாலும் பார்ப்பதேயில்லை.

2021-ஆம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி தீப்பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாயிற்று. ஒரே நாளில் இரட்டிப்பு! வாங்குகிறவர்கள் யாரைக் கோபித்துக் கொள்வார்கள்? எதிரே நிற்கும் பெட்டிக்கடைக்காரரைத்தான். அவர் செய்த குற்றம் கடையைத் திறந்து வைத்திருந்ததொன்றே.

ஆனால் இந்த விலையேற்றம் இரவோடிரவாக வந்ததல்ல. 1995-இல் ஐம்பது காசும் 2007-இல் ஒரு ரூபாயுமான பெட்டி, பதினான்கு வருஷம் அதே விலையில் நின்றது. அந்தப் பதினான்கு வருஷத்தில் ஏறாமலிருந்த வேறொரு பண்டத்தை நேயர்கள் சொல்லட்டும், பார்க்கலாம்! 2021 அக்டோபரில் சிவகாசியில் உற்பத்தியாளர் சங்கங்கள் ஒன்றுகூடித் தீர்மானித்து, ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் வைத்து, காரணத்தையும் பகிரங்கமாகச் சொன்னார்கள். சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய், மெழுகு 58-லிருந்து 80, அட்டையும் அப்படியே. பெட்டிக்கு 36 குச்சிக்குப் பதில் 50 குச்சி வைப்பதாகவும் அறிவித்தார்கள்.

நாம் வாத்தியார், கணக்கைக் கண்டால் சும்மா விட மனம் வருவதில்லை. 36 குச்சி ஒரு ரூபாய் என்றால் குச்சி ஒன்று ஏறக்குறைய 2.8 காசு. 50 குச்சி இரண்டு ரூபாய் என்றால் 4 காசு. ஆகவே, ஏற்றம் நூற்றுக்கு நூறு அல்ல. நூற்றுக்கு நாற்பத்து நாலு. (குற்றாலச் சாரலில் நமத்துப்போன பெட்டியில் பத்துக் குச்சி கிழித்து அடுப்பு மூட்டும் அம்மணிகளுக்கு இந்தக் கணக்குச் செல்லாது.) ஒன்றேகால் ரூபாய், ஒன்றரை ரூபாய் என்று மெல்ல மெல்ல ஏற்றியிருக்கலாமே என்றால், கால் ரூபாய் நாணயம் 2011-லேயே செல்லாததாகிவிட்டது. அரை ரூபாயை நீட்டினாலோ கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

அந்த அதிகப்படி ஒரு ரூபாய் யாருக்குப் போயிற்று? 600 பெட்டி கொண்ட பண்டலை 270 முதல் 300 ரூபாய்க்கு விற்ற ஆலைகள், அதை 430 முதல் 480 ஆக உயர்த்துவதாகச் சொல்லின. பெட்டிக்கு முப்பது காசுக்கு மேல் ஆலைக்குச் சேரவில்லை. மிச்சம் வரி, வண்டிச் சத்தம், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்று வழியிலேயே பங்காகிவிட்டது. அந்த முப்பது காசுக்குள்ளேதான் பாஸ்பரஸும் மெழுகும், கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துப் பெண்களின் கூலியும் அடங்கவேண்டும். "அநியாயம்" என்றவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தென்காசியில் மாவு மில் நடத்துகிறவர்களும் தையற்கடைக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். குற்றாலத்தில் ஸீஸன் சமயம் இரட்டை விலை சொல்லும் வியாபாரிக்குக் கவலையில்லை; திட்டிக்கொண்டே வாங்கியவர் மறுநாள் ரயிலேறிப் போய்விடுவார். மில்லுக்கு வருகிறவரோ அடுத்த வாரமும் தூக்குவாளியோடு வருவார். அவரிடம் கூலியைக் கூட்ட அஞ்சி, சொல்லாமல் மாவில் ஒரு பிடி குறைப்பவர்களும் உண்டு. அது வீட்டுத் தராசில் தெரிந்த அன்றைக்கு அந்த வாளி வேறு மில்லுக்குப் போய்விடும்; அக்கம்பக்கத்து வாளிகளும் கூடவே போகும்.

கூலியை உயர்த்துவது அவசியமானால் உயர்த்துங்கள். ஒரு மாதம் முன்பே பலகையில் எழுதித் தொங்கவிடுங்கள். மின்சாரக் கட்டணம் முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு. ஆள் கூலி முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு என்று பக்கத்திலேயே எழுதுங்கள். முணுமுணுப்பு இராமற் போகாது. ஆனால் முணுமுணுத்துக் கொண்டே வாளியை இறக்கி வைப்பார்கள்.