முகம் பிள்ளையுடையது

"வகுப்பறையை ரீல்ஸாகப் போட்டால்தான் மலைப் பள்ளிகளில் சேர்க்கை கூடும்" என்று வாதிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

கல்வராயன் மலையில், உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளை ஒன்று சோற்றுத் தட்டோடு ரீல்ஸில் நிற்கிறது. ஆசிரியருக்கு அது லைக். கீழே குவியும் 'பாவம்'களைச் சுமப்பது அந்தப் பிள்ளை. காட்டு வேலைக்குப் போன அதன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

இந்த மலை இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குச் சமூக ஊடகத்தின் வேகம் புதிதல்ல. 2022 ஜூலை 17 அன்று வாட்ஸ்அப் அழைப்புகளால் கனியாமூரில் திரண்ட கூட்டம் பள்ளிப் பேருந்துகளைக் கொளுத்தியது. மாணவர்களின் சான்றிதழ்களும் சாம்பலாயின. அனுப்பிய விரலால் அந்த அழைப்பைத் திரும்ப எடுக்க முடிந்ததா?

சேர்க்கை வேண்டுமென்றால் வீடு வீடாகப் போய்ப் பேசலாம். நல்ல ஆசிரியர்கள் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள். படம் போட்டே ஆக வேண்டுமா? பிள்ளைகள் வரைந்ததைப் போடுங்கள், எழுதியதைப் போடுங்கள். முகத்தை விட்டுவிடுங்கள்.